கார்புரேட்டரை மாற்றுமுன் ஒரு கண்ணாடி பாட்டில் எடுங்கள்

கேள்வி: ஃபைபர் வள்ளத்துக்காக 9.9 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின் ஒன்றைத் தூத்துக்குடியில் ஒரு கடையில் பழசாக வாங்கினேன். இரண்டு மாதம் குறையில்லாமல் ஓடியது. கச்சான் காற்று பலமாக அடித்ததால் மூன்று வாரம் கடலுக்குப் போகவில்லை. இப்போது சோக் இழுத்தால் ஸ்டார்ட் ஆகிறது. வேகம் கூட்டினால் இருமிவிட்டு நின்றுபோகிறது. கார்புரேட்டரையே மாற்ற வேண்டும், 12,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். கடைக்காரரோ பழைய எஞ்சினுக்குத் தன்னிடம் பேச்சே கிடையாது என்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: 12,000 ரூபாயை இப்போதைக்கு மடியிலேயே முடிந்து வையுங்கள். நன்றாக ஓடி, மூன்று வாரம் சும்மா கிடந்த பிறகு இப்படி இருமும் எஞ்சினில் கார்புரேட்டர் கெட்டிருப்பதைவிட அடைத்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம். சோக் போட்டால் பிழைக்கிறது என்கிறீர்களே, அதுதான் துப்பு. சோக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டுகிறது. அப்படியானால் வழக்கமான வழியில் பெட்ரோல் போதவில்லை.

கரையில், காற்றோட்டமான இடத்தில் உட்காருங்கள். பீடியை அணைத்துவிடுங்கள். கார்புரேட்டரின் அடியில் உள்ள கிண்ணத்தின் ட்ரெய்ன் ஸ்க்ரூவைத் திறந்து, வருவதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிப் பாருங்கள். அடியில் தனியாக ஓர் அடுக்கோ, முத்து முத்தாக உருளும் துளிகளோ தெரிந்தால் தண்ணீர் போயிருக்கிறது. டேங்கின் அடியிலிருந்தும் கொஞ்சம் எடுத்து இதேபோல் பாருங்கள். அங்கேயும் தண்ணீர் என்றால் புது கார்புரேட்டர் போட்டாலும் அடுத்த வாரமே இதே இருமல்தான்.

தண்ணீர் எப்படி வந்தது? இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். எஞ்சினுக்குப் போகும் குழாய் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான். உப்புக்காற்றில், அரை டேங்கோடு, மூடி சரியாக இறுகாமல் மூன்று வாரம் கிடந்தால் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது கைப்பம்ப், அதாவது ஹோஸின் நடுவில் இருக்கும் ரப்பர் பல்பு. எஞ்சின் திணறும் நேரத்தில் ஒருவர் அதை விடாமல் அமுக்கட்டும். அப்போது எஞ்சின் நின்றுபோகாமல் ஓடினால் குற்றவாளி கார்புரேட்டர் இல்லை. ஃபியூயல் பம்ப்பின் டயஃப்ரம், அதாவது உள்ளே அசையும் மெல்லிய தகடு, கிழிந்திருக்கும், அல்லது ஹோஸ் கனெக்டரின் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் காற்றை உள்ளே விடுகிறது. இரண்டுமே சின்னச் செலவு. டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறந்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். அதைத் திறக்க மறந்துவிட்டு எஞ்சினைத் திட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பல்பை அமுக்கியும் பலனில்லை என்றால் ஜெட்டை, அதாவது கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளையுள்ள திருகை, கழற்றலாம். பித்தளைத் துளையில் பச்சையாகவோ வெள்ளையாகவோ உப்பு பூத்திருக்கும். கம்பியோ ஊசியோ விடாதீர்கள். துளை ஒரு மயிரிழை அகன்றாலும் பெட்ரோல் கணக்கு மாறிவிடும். உங்கள் வீட்டிலேயே இருக்கிறது மருந்து: மெல்லிய தங்கூசி, அதாவது மீன்பிடிக்கும் நைலான் நரம்பு. கார்ப் கிளீனர் அடித்து, தங்கூசியை விட்டு இழுத்து, காற்றடித்துவிடுங்கள். ரப்பர் பாகங்களில் கிளீனர் படக்கூடாது.

இதைத் தள்ளிப்போடவும் வேண்டாம். டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. ஜெட் பாதி அடைத்த நிலையில் சோக்கை வைத்தே சமாளித்து ஓட்டினால் ஆயிலும் பாதிதான். பிஸ்டன் பிடித்துக்கொண்டால் 12,000 போதாது.

ஏதாவது வாங்கத்தான் வேண்டும் என்றால் ரிப்பேர் கிட் போதும்: கேஸ்கெட், நீடில் வால்வு, ஓ-ரிங். எஞ்சினின் தகட்டில் உள்ள மாடல் எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். இறக்குமதிப் பொருள் என்றால் பாக்கெட்டில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை இருக்க வேண்டும். வெறும் பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தந்தால் திருப்பிக் கொடுங்கள்.

கடைக்காரர் விஷயம். இரண்டு மாதம் ஓடிய பழைய எஞ்சினில், கிடப்பில் அடைத்த ஜெட்டுக்கு அவரைப் பிடிப்பது கடினம். என் கணிப்பில் அந்த வழக்கு நிற்காது. ஆனால் ஓடாத பாகத்தை மறைத்து விற்றார் என்று தெரியவந்தால் கதை வேறு. ‘இது வியாபாரத்துக்கு வாங்கியது, நீ நுகர்வோரே இல்லை’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கிப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான் என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். தூத்துக்குடிக்கு அலையவும் வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் புகார் தரலாம், 5 லட்சம் ரூபாய்வரை கட்டணம் இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து பாருங்கள். பில் இருக்கிறதா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கேள்வி: அவுட்போர்டு எஞ்சினின் பெட்ரோலில் பைக்குக்கான டூ-டி (டூ ஸ்ட்ரோக்) ஆயிலையே கலந்தால் என்ன? விலை குறைவாயிற்றே.
– வாசகர், ஏர்வாடி

பதில்: பைக் எஞ்சின் காற்றில் குளிர்வது, உங்களுடையது கடல் தண்ணீரில் குளிர்வது. அதற்கான ஆயில் டப்பாவில் டி.சி.-டபிள்யூ 3 என்று போட்டிருக்கும். மேனுவலில் 50-க்கு 1 என்றிருந்தால் 10 லிட்டருக்கு 200 மில்லி. கண்மட்டத்தில் ஊற்றாமல் அளவு கப்பில் ஊற்றுங்கள்.