12 சதப் பங்கும் ஏரிக்கடியில் யுரேனியமும்

கேள்வி: என்னோடு வேலை செய்கிற சிநேகிதர் ஒருவர், சஸ்கச்சுவானில் யுரேனியம் தேடுகிற சின்னக் கொம்பனியொன்றின் பங்கை வாங்கச் சொல்லி விடாமல் நிற்கிறார். பங்கு 12 சதம். போன கிழமை போட்ட துளையில் கதிர்வீச்சு நல்லாகக் காட்டியதாம். என் ரி.எஃப்.எஸ்.ஏ. என்கிற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் 20,000 டொலர் இருக்கிறது. முழுவதையும் போடலாமா அண்ணை?
– ஒரு வாசகர், மார்க்கம், கனடா

பதில்: முழுவதும் வேண்டாம் தம்பி. பாதியும் வேண்டாம்.

நான் 2007 இல் ஒருவரையும் கேட்காமல் 3,300 டொலர் போட்டவன். யுரேனியம் இறாத்தல் 136 டொலருக்கு ஏறிய கோடைகாலம் அது. அடுத்த வருடமே விலை பாதிக்கும் கீழே போனது. 2011 இல் ஜப்பானில் ஃபுகுஷிமா அணு உலை விபத்து. 2016 கடைசியில் 18 டொலருக்குக் கிட்ட வந்து நின்றது. நான் வாங்கிய கொம்பனி இடையில் பத்துப் பங்கை ஒன்றாக்கி, பெயரையும் மாற்றி, கஞ்சா வளர்க்கப் போய்விட்டது. கணக்கறிக்கை இன்னும் லாச்சிக்குள் கிடக்கிறது. மனைவி கண்ணில் படாமல்தான்.

சரி, உங்கள் துளைக்கு வருவோம். நிலத்துக்கடியிலிருந்து இழுத்த பாறைத் தண்டின் மேல் ஒரு கருவியைப் பிடிப்பார்கள். செக்கனுக்கு இத்தனை துடிப்பு என்று அது காட்டும். அந்த எண்ணை வைத்து யுரேனியம் எவ்வளவு என்று சொல்ல முடியாது. பாறையை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, சதவீதம் வரவேண்டும். அந்தச் சதவீதம் எத்தனை மீற்றர் நீளத்துக்கு என்றும் பாருங்கள். அரை மீற்றருக்கு 5 சதவீதம் என்பது செய்தித் தலைப்புக்குத்தான் நல்லது.

சஸ்கச்சுவானின் வடக்கே யுரேனியம் கிடைக்கிற அதபாஸ்காவில் அதிர்ஷ்டம் அடித்தவர்கள் இல்லாமல் இல்லை. பற்றர்சன் ஏரிப் பக்கம், பழைய பனிப்பாறை இழுத்து வந்து போட்ட கதிர்வீச்சுக் கற்களை 2011 இல் கண்டார்கள். பனிப்பாறை வந்த வழியே பின்னோக்கித் தேடிப் போய், 2012 நவம்பரில் 22 என்று இலக்கமிட்ட துளையில் பிடித்தார்கள். அந்த இடத்தைக் கையில் வைத்திருந்த ஃபிஷன் என்ற கொம்பனியைப் பலடின் என்ற இன்னொரு கொம்பனி வாங்கி முடித்தது 2024 டிசெம்பரில். அதுவரைக்கும் அங்கே சுரங்கம் இல்லை. அதே பக்கத்துச் சிகார் லேக் சுரங்கம் இன்னும் மோசம். 1981 இல் கண்டுபிடித்தது, 2006 இல் வெள்ளம் புகுந்து, 2014 இல்தான் முதல் தாது வெளியே வந்தது.

இத்தனை வருடமும் சின்னக் கொம்பனிக்கு ஒரு சத வருமானமும் இல்லை. உறைந்த ஏரியின் மேல் துளைபோடும் யந்திரத்தை ஏற்றி நிறுத்தவும் ஆட்களுக்குச் சாப்பாடு போடவும் காசு வேண்டும். அதற்குப் புதுப் பங்கு அடித்து விற்பார்கள். பொதுச் சந்தைக்கு வெளியே சிலருக்கு 8 சதத்துக்குக் கொடுத்து, கூடவே வாரன்டும், அதாவது பின்னால் குறித்த விலைக்குப் புதுப் பங்கு வாங்கும் உரிமையும், கொடுப்பார்கள். அவர்கள் நாலு மாதமும் ஒரு நாளும் பொறுத்தால் விற்கலாம். நல்ல செய்தி வெளிவருகிற கிழமையும் சில நேரம் அதே கிழமையாக இருக்கும். நான் குற்றம் சொல்லவில்லை, சட்டப்படி நடப்பதுதான். ஆனால் 12 சதத்துக்கு அவர்களிடமிருந்து வாங்குகிற ஆள் நீங்கள்.

ஆகவே கொம்பனிகள் தங்கள் அறிக்கைகளைப் போடுகிற செடார் பிளஸ் இணையத்தளத்துக்குப் போங்கள், இலவசம். கடைசிக் காலாண்டு அறிக்கையில் கையில் உள்ள காசு, மூன்று மாதச் செலவு, மொத்தப் பங்குகள், வாரன்டுகள், இந்த நாலையும் எழுதி எடுங்கள். காசைச் செலவால் பிரித்தால் அடுத்த பங்கு விற்பனை எப்போது என்று தெரியும். யுரேனியம் விலை என்னவாகும் என்று மண்டையை உடைப்பதைவிட இது பத்து நிமிட வேலை.

அப்புறம் ரி.எஃப்.எஸ்.ஏ. அதற்குள் நட்டப்பட்டால் வரியில் நட்டம் காட்டமுடியாது. போன காசுக்கான இடமும், அதாவது அந்தக் கணக்கில் போட அனுமதித்த அளவும், திரும்பி வராது. ஆசை விடவில்லையென்றால் சாதாரணக் கணக்கில் ஆயிரம் டொலர், அதுவும் ஆய்வுகூட முடிவு வந்தபிறகு. அதற்கு முன், சிநேகிதர் தன் பங்கை என்ன விலைக்கு வாங்கினவர் என்று ஒருக்கால் கேளுங்கள்.