மரியாளிடம் நமக்கு என்ன தயக்கம்?

அன்புள்ள ஐயா,

நான் மண்டபம் பக்கம் வாக்கப்பட்டு வந்த சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) பெண். சுற்றிலும் கத்தோலிக்கக் குடும்பங்கள். படகுக்குப் படகு மாதா படம் இருக்கும். “உங்க சபையில மாதாவ மதிக்கவே மாட்டீங்களாமே?” என்று பக்கத்து வீட்டு மதினி கேட்கிறார். கிறிஸ்துமஸ் நாடகத்தைத் தாண்டி எங்கள் சபையில் மரியாளைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. நான் என்ன பதில் சொல்ல?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மதிக்கிறோம் என்று தாராளமாகச் சொல்லுங்கள். அவளிடம் வேண்டுதல் வைப்பதில்லை, அவ்வளவுதான். மத்தியஸ்தர் கிறிஸ்து ஒருவரே என்பதை நம் சபைகள் விட்டுக்கொடுக்காது, நானும்தான். ஆனால் வேண்டுதலை விடப்போய் ஆளையே விட்டுவிட்டோம். புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் அப்படிச் செய்யவில்லை. ரோமச் சபை அவரை விலக்கிய அதே 1521இல்தான் மரியாளின் பாட்டுக்கு விளக்கவுரை எழுதி முடித்தார்.

லூக்கா முதல் அதிகாரத்தை மறுபடி படியுங்கள். தூதனிடம் சகரியாவும் கேள்வி கேட்கிறார், மரியாளும் கேட்கிறாள். நம்பாமல் கேட்ட ஆசாரியருக்கு வாய் அடைத்துப்போகிறது. “இது எப்படியாகும்?” என்ற பெண்ணுக்கோ பதில் கிடைக்கிறது. கேட்டுக்கொண்டுதான் “உம்முடைய வார்த்தையின்படி எனக்கு ஆகக்கடவது” என்கிறாள். நிச்சயம் செய்த பெண், கல்யாணத்துக்கு முன்னால் கர்ப்பம். ஊர் என்ன பேசும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யோசேப்பு ஏற்பாரா என்று தெரியுமுன்பே சரி சொல்லிவிட்டாள். விசுவாசத்துக்கு நான் காட்டும் இடம் அதுதான்.

அப்புறம் அதே அதிகாரத்தில் மரியாள் கடவுளைப் புகழ்ந்து பாடும் அந்தப் பாட்டு. ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) வழிவந்த மாலை ஆராதனையில் அது உண்டு, கவனிக்காமலே பாடி முடித்துவிடுகிறோம். “பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி, தாழ்மையானவர்களை உயர்த்தினார்.” நாடகத்தில் நீலத் துணி போர்த்திக்கொண்டு தலைகுனிந்து உட்காருகிறதே ஒரு பிள்ளை, அது பாடுகிற பாட்டா இது? “பசியுள்ளவர்களை நன்மைகளினால் நிரப்பி” என்ற அடுத்த வரியை மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15க்கும் ஜூன் 14க்கும் நடுவில், விசைப்படகுக் கூலியை நம்பியிருக்கும் வீட்டில் வாசித்துப் பாருங்கள்.

அவளுக்கு எல்லாம் புரிந்துவிடவும் இல்லை. பன்னிரண்டு வயது மகன் தேவாலயத்தில் சொன்னது பெற்றோருக்கு விளங்கவில்லை என்று லூக்காவே எழுதுகிறார். இருந்தும் சிலுவையடியில் நிற்கிறாள். அப்போஸ்தலர் முதல் அதிகாரத்தில் மேல்வீட்டறையில் மற்றவர்களோடு அவளும் ஜெபித்துக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இந்தப் பகுதிகளை வரிசையாகப் படிக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாம்.