பழைய பெட்டி, வெறும் எழுத்து

கேள்வி: மேடம், பெங்களூரு அல்சூரில் திருவள்ளுவர் சிலையைத் திறந்தார்களே, அதற்கு அடுத்த வருடம் கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கணினி என்னுடையது. 512 எம்பி ராம். தபாலில் இலவசமாக வந்த சிடியை வைத்து என் மகன் உபுண்டு 10.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தான். அவன் இப்போது வெளிநாட்டில். ஃபயர்ஃபாக்ஸைத் தட்டினால் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். திறந்த பிறகும் பாதுகாப்பான இணைப்பு கிடைக்கவில்லை என்றுதான் சொல்கிறது. எழுத்தை மட்டும் காட்டும் லிங்க்ஸ் (Lynx) என்ற உலாவி உண்டு என்று படித்தேன். நிறுவப் பார்த்தால் 404 என்று வருகிறது. எனக்கு வேண்டியது தமிழ் விக்கிப்பீடியாவும் நாலு கட்டுரைகளும்தான். பெட்டியைத் தூக்கிப்போட மனசில்லை. – வாசகர், அல்சூர்

பதில்: முதலில் ஒரு வேடிக்கை. உங்கள் உபுண்டு 10.04-க்கு வைத்த செல்லப்பெயரே ‘லூசிட் லிங்க்ஸ்’தான். ஒரு வகைக் காட்டுப்பூனையின் பெயர். அதற்கும் உலாவிக்கும் பெயரைத் தவிர வேறு உறவு இல்லை. உலாவி ரொம்ப மூத்தது, 1992-ல் அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. இன்னமும் அதைச் செப்பனிட்டு வெளியிடுகிறார்கள்.

எனக்கு அது பழைய சிநேகிதம். 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, காசு அதிகம் கொடுக்க முடியாதவர்களுக்கு ‘ஷெல் அக்கவுன்ட்’ என்று ஒன்று கொடுத்தார்கள். படம் கிடையாது, மவுஸுக்கு வேலை கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்து. நான் அப்போது இங்கே ஒரு கல்லூரிக் கணினிக்கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் மோடம் கீச்சிட்டால் போதும், ‘போன் எப்போ விடுவே’ என்று அப்பா கூடத்திலிருந்து குரல் கொடுப்பார். நான் முதன்முதலில் பார்த்த இணையம் லிங்க்ஸ் வழியாக வந்ததுதான். அதனால் உங்கள் கடிதத்துக்கு இடம் கொஞ்சம் தாராளமாகவே கொடுத்துவிட்டேன். ஆசிரியர் மன்னிக்க வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். எதையும் நிறுவுவதற்கு முன் திரையின் மூலையில் இருக்கும் தேதியைப் பாருங்கள். பதினைந்து வருடப் பெட்டியில் சிஆர்2032 என்கிற நாணய பேட்டரி செத்திருக்கும். ஒவ்வொரு முறை மின்சாரத்தை நிறுத்தும்போதும் கடிகாரம் பின்னுக்குப் போய்விடும். கணினி தன்னை ஏதோ பழைய வருடத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டால், இன்றைய தளங்கள் தாங்கள் யார் என்று காட்டும் சான்றிதழ்களை ‘இன்னும் அமலுக்கு வராதவை’ என்று தள்ளிவிடும். உலாவியைக் குறை சொல்லிப் பயனில்லை. எஸ்.பி. ரோட்டுக்குக்கூடப் போக வேண்டாம், கைக்கடிகாரம் பழுது பார்ப்பவரிடமே அந்த பேட்டரி கிடைக்கும்.

அடுத்து அந்த 404, அதாவது ‘தேடியது இங்கே இல்லை’ என்ற பதில். உபுண்டு 10.04-க்கான ஆதரவு எப்போதோ முடிந்துவிட்டது. முடிந்துபோன பதிப்புகளின் மென்பொருள் தொகுதிகளை வழக்கமான கிடங்கிலிருந்து எடுத்து ‘ஓல்ட்-ரிலீசஸ்’ என்ற தனிக் கிடங்கில் வைத்துவிடுவார்கள். உங்கள் கணினி பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கிறது. இடிசி அடைவுக்குள் ஆப்ட் என்ற அடைவு, அதற்குள் சோர்சஸ்.லிஸ்ட் என்ற கோப்பு (/etc/apt/sources.list). முதலில் அதற்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். பிறகு ஆர்க்கைவ்.உபுண்டு.காம், செக்யூரிட்டி.உபுண்டு.காம் என்று வரும் இடங்களில் எல்லாம் ஓல்ட்-ரிலீசஸ்.உபுண்டு.காம் (old-releases.ubuntu.com) என்று மாற்றுங்கள். முன்னால் ‘இன்.’ என்று இந்தியக் கிடங்கின் அடையாளம் ஒட்டியிருந்தால் அதையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். பிறகு டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் ஜன்னலில், ஆப்ட்-கெட் அப்டேட் (apt-get update). இந்தக் கிடங்கு பூட்டில்லாத சாதாரண எச்டிடிபியிலேயே பேசும் என்பதால் பழைய கணினிக்கும் பிடிபடும்.

இப்போது லிங்க்ஸை நிறுவலாம், வந்துவிடும். ஆனால் விக்கிப்பீடியா திறக்காது! இந்த இடத்தில்தான் பலர் கையை விரித்துவிடுகிறார்கள். இன்றைய தளங்கள் குறைந்தபட்சம் டிஎல்எஸ் (TLS) 1.2 என்ற பூட்டைக் கேட்கின்றன. அந்த முறை 2008-லேயே வகுக்கப்பட்டதுதான். ஆனால் இணையத்தின் பாதிக் கதவுகளைத் திறந்துவிடும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் அது 2012-ல் வந்த 1.0.1 பதிப்பில்தான் சேர்ந்தது. உங்களிடம் இருப்பதோ 0.9.8. ஃபயர்ஃபாக்ஸ் திணறுவதற்கும் காரணம் இதே வயதுக் கோளாறுதான். கிடங்கிலிருந்து வரும் 2010-ஆம் வருடத்து லிங்க்ஸும் அதே காலத்துச் சாவியைத்தான் வைத்திருக்கிறது.

ஆக, லிங்க்ஸை அதன் மூலநிரலிலிருந்து நீங்களே கட்ட வேண்டும். பயப்படாதீர்கள், பொறுமை இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அதற்கான கருவிகளாகக் கிடங்கிலிருந்து பில்ட்-எசென்ஷியல் (build-essential), லிப்என்கர்சஸ்டபிள்யூ5-டெவ் (libncursesw5-dev) இரண்டையும் எடுங்கள். பின்னதில் ‘டபிள்யூ’ முக்கியம். அது இல்லாமல் கட்டினால் தமிழ் எழுத்து குப்பையாகிவிடும். ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1டபிள்யூ-வின் மூலநிரலையும் லிங்க்ஸின் புதிய மூலநிரலையும் உங்கள் கைபேசியில் இறக்கி பென்டிரைவில் மாற்றுங்கள். பழைய கணினி அவற்றை நேராக இறக்காது, காரணம்தான் தெரியுமே. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 3 வரிசை எதற்கு, 1.1.1 உங்கள் பெட்டியில் இருக்கும் பெர்ல், ஜிசிசி என்ற பழைய கட்டும் கருவிகளோடு ஒத்துப்போகும்.

முதலில் ஓப்பன்எஸ்எஸ்எல். அதன் அடைவுக்குள் நின்று வரிசையாக மூன்று கட்டளை: கான்ஃபிக் (./config), மேக் (make), மேக் இன்ஸ்டால் (make install). எங்கே போடுவது என்று எதுவும் சொல்லாமல் விட்டால் யூஎஸ்ஆர்/லோக்கல் அடைவுக்குள் போய் உட்காரும், பழைய 0.9.8-ஐத் தொந்தரவு செய்யாது. முடிந்ததும் மறக்காமல் எல்டிகான்ஃபிக் (ldconfig) கட்டளை. மறந்தால் லிங்க்ஸ் தொடங்கும்போதே ‘லிப்எஸ்எஸ்எல் எங்கே’ என்று முரண்டு பிடிக்கும். நான் மறந்திருக்கிறேன், அரை நாள் போனது. அப்புறம் லிங்க்ஸ். அதன் கான்ஃபிகருக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்: வித்-எஸ்எஸ்எல் என்று யூஎஸ்ஆர்/லோக்கலைக் காட்டுவது (--with-ssl=/usr/local), வித்-ஸ்க்ரீன் என்று என்கர்சஸ்டபிள்யூவைக் காட்டுவது (--with-screen=ncursesw). மேக் ஓடும்போது போய் மதிய சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள்.

பூட்டுக்குச் சாவி வந்தாயிற்று, ஆனால் யாரை நம்புவது என்ற பட்டியலும் 2010-ஐச் சேர்ந்தது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பின் சான்றிதழில் ஓடும் தளங்கள் ஏராளம். அதன் சான்றிதழ்களுக்கெல்லாம் உத்தரவாதம் தரும் மூலச் சான்றிதழ் 2015-ல் உருவானது, உங்கள் கணினிக்கு அதைத் தெரியவே தெரியாது. அதற்கு முன் கைகொடுத்த பழைய மூலச் சான்றிதழும் 2021 செப்டம்பர் 30-ல் காலாவதியாகிவிட்டது. ஆகவே ‘சிஏசெர்ட்.பெம்’ (cacert.pem) என்ற கோப்பை, கர்ல் திட்டத்தின் தளத்திலிருந்து கைபேசி வழியாக எடுத்து வையுங்கள். ஃபயர்ஃபாக்ஸைத் தரும் மொசில்லா நம்பும் மூலச் சான்றிதழ்களின் பட்டியல் அது.

இனி அமைப்பு. லிங்க்ஸ்.சிஎஃப்ஜி (lynx.cfg) என்ற அமைப்புக் கோப்பைத் திறந்தால் மலைத்துப் போவீர்கள், முடிவே இல்லாமல் போகும். அதில் பெரும்பகுதி விளக்கம்தான். நமக்கு வேண்டியது மூன்று வரி. எஸ்எஸ்எல் செர்ட் ஃபைல் (SSL_CERT_FILE) என்ற வரியில் அந்தச் சான்றிதழ்க் கோப்பின் முழு முகவரி. கேரக்டர் செட் (CHARACTER_SET) வரியில், தமிழ் எழுத்தும் அடங்கும் குறியீடான யூடிஎஃப்-8 (utf-8). அக்செப்ட் ஆல் குக்கீஸ் (ACCEPT_ALL_COOKIES) வரியில் ட்ரூ (TRUE). குக்கீ என்பது தளங்கள் நம் கணினியில் விட்டுவைக்கும் சின்னக் குறிப்பு, அதை இப்படி விட்டால்தான் நிம்மதி. இல்லாவிட்டால் ஒவ்வொரு தளத்திலும் வாங்கலாமா, வேண்டாமா, எப்போதுமா என்று வாசலில் நிற்கும் விற்பனைப் பிரதிநிதி மாதிரி கேட்டுக்கொண்டே இருக்கும். வரியின் முன்னால் # குறி இருந்தால் எடுத்துவிடுங்கள், அது இருக்கும்வரை லிங்க்ஸ் அந்த வரியைப் படிக்காது.

கோப்பைத் தொட பயமாக இருந்தால், லிங்க்ஸுக்குள் இருந்தபடியே ‘ஓ’ (o) விசையை அழுத்துங்கள். எழுத்துருக் குறியீடு, குக்கீ எல்லாம் அங்கேயே மாற்றலாம். மேலே இருக்கும் ‘வட்டில் சேமி’ என்ற கட்டத்தில் குறியிட மறக்காதீர்கள். அதே பக்கத்தில் இணைப்புகளுக்கு எண் போடும் வசதியும் இருக்கிறது, கட்டாயம் போடுங்கள். விக்கிப்பீடியா பக்கத்தில் நூறு இணைப்பு இருக்கும், அம்புக்குறியால் ஒவ்வொன்றாக இறங்கினால் விரல் தேயும். 47 என்று அடித்து என்டர் தட்டினால் நேராகப் போய்விடலாம். மற்றபடி ‘ஜி’ (g) புது முகவரிக்கு, இடது அம்பு திரும்பி வர, சாய்கோடு பக்கத்துக்குள் தேட, ‘க்யூ’ (q) வெளியேற.

தமிழ்? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டெர்மினலில் தமிழ் அழகாக வராது. கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தனியே திரியும். ஒவ்வொரு குறியீட்டையும் ஒவ்வொரு கட்டத்தில் அடைக்கும் அந்த ஜன்னலின் குறை அது, லிங்க்ஸ் மேல் தப்பில்லை. நான் செய்வது இது: கட்டுரை வந்ததும் ‘பி’ (p) அழுத்தி, ‘கோப்பில் சேமி’ என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்தக் கோப்பை ஜிஎடிட் (gedit) என்ற உரைத் திருத்தியில் திறப்பேன். அங்கே எழுத்து ஒழுங்காகச் சேர்ந்து நிற்கும், அளவையும் கண்ணுக்கு இதமாகப் பெரிதாக்கிக்கொள்ளலாம். விளம்பரம் ஒன்றுகூட எட்டிப் பார்க்காது.

கேள்வி: லிங்க்ஸில் ரயில் டிக்கெட் போடலாமா? பேங்க் வேலை? – வாசகி, ராஜாஜி நகர்

பதில்: முடியாது. அந்தத் தளங்கள் ஜாவாஸ்கிரிப்ட்டில் ஓடுகின்றன, லிங்க்ஸுக்கு அது தெரியாது. முடிந்தாலும் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். பாதுகாப்புத் திருத்தம் கடைசியாக வந்து பல வருடமான இயங்குதளத்தில் வங்கிக் கடவுச்சொல்லை அடிப்பது, கதவில்லாத வீட்டில் பீரோவுக்குப் பூட்டுப் போடுவது மாதிரி. பழைய பெட்டி படிக்க மட்டும். தட்கலுக்குக் கைபேசியை எடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்குக் கண்புரை, ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அதுவரை கட்டுரைகளைக் கணினியே படித்துக் காட்ட வழி உண்டா? எங்கள் வீட்டிலும் பழைய லினக்ஸ் பெட்டிதான். – வாசகர், ஸ்ரீராமபுரம்

பதில்: உண்டு. ஈஸ்பீக் (eSpeak) என்ற, எழுத்தைப் படித்துக் காட்டும் சின்ன நிரலை நிறுவுங்கள், பழைய பெட்டியிலும் லேசாக ஓடும், தமிழ் தெரியும். குரல் இயந்திரக் குரல்தான், வானொலிச் செய்தி மாதிரி எதிர்பார்க்காதீர்கள். எழுத்து உலாவியான லிங்க்ஸை ‘-டம்ப்’ (-dump) என்ற குறிப்போடு, பக்கத்தின் முகவரியைக் கொடுத்து ஓட்டினால் திரையில் நிற்காமல் முழுப் பக்கத்தையும் எழுத்தாகக் கொட்டிவிடும். அதை ஒரு கோப்பில் பிடித்து, மேலே இருக்கும் மெனு வரிகளை வெட்டிவிட்டு, ஈஸ்பீக்கிடம் ‘-வி டிஏ’ (-v ta) என்று தமிழைச் சொல்லிக் கொடுங்கள். வேகத்துக்கு ‘-எஸ் 120’ (-s 120) வைத்தால் வயதானவர்களுக்குக் காது பிடிக்கும்.

டம்ப்போடு ‘-நோலிஸ்ட்’ (-nolist) என்பதையும் சேர்த்துவிடுங்கள். சேர்க்காவிட்டால் பக்கத்தில் இருந்த அத்தனை இணைப்புகளின் முகவரிகளையும் லிங்க்ஸ் கடைசியில் பட்டியலாக ஒட்டிவிடும். எங்கள் வீட்டில் முதல் நாள் அப்படித்தான் ஆயிற்று. காவிரியைப் பற்றிய கட்டுரை முடிந்த பிறகும் குரல் நிற்கவில்லை, எச்டிடிபிஎஸ் எச்டிடிபிஎஸ் என்று ஓதிக்கொண்டே இருந்தது. அத்தை கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரை உட்கார்ந்து கேட்டார்.