குஜ்ரால் தழுவியது சரியா?

கேள்வி: 1990-ல் குவைத்தைப் பிடித்த ஈராக் அதிபர் சதாம் உசேனை நம் அன்றைய வெளியுறவு அமைச்சர் குஜ்ரால் கட்டித் தழுவும் படத்தை மகன் செல்போனில் காட்டினான். நெருக்கடி நேரத்தில் அரசு இப்படித்தான் முடிவெடுக்குமா?
- ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: சகோதரி, நான் உங்கள் பக்கத்து வேலந்தாவளத்துக்காரன். ஆகஸ்ட் 2-ம் தேதி ஈராக் படை நுழைந்தபோது என் பெரியண்ணன் குவைத்தில் ஒரு தையல் கடையில் இருந்தார். அப்புறம் கடிதமும் இல்லை, போனும் இல்லை. அம்மா தினமும் கோயமுத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்தபடி நிற்பார்.

டெல்லியில் வி.பி. சிங் அரசு. ஈராக் செய்தது நியாயமா என்பது மட்டும் அவர்கள் முன் இருந்த கேள்வி அல்ல. 1,70,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் அங்கே மாட்டியிருந்தார்கள். நமக்கு வந்த எண்ணெயில் பெரும் பங்கும் ஈராக், குவைத்திலிருந்துதான். அந்நியச் செலாவணியோ கரைந்துகொண்டிருந்தது. நம் ஆட்களை வெளியே விடுவதும் விடாததும் சதாம் கையில். குஜ்ரால் ஈராக் தலைநகர் பாக்தாத் போனது அதற்குத்தான். குவைத்தில் தூதரகங்களை மூடச் சொல்லி ஈராக் கெடு வைத்தபோது மேற்கு நாடுகள் பல மறுத்தன. நம் தூதரகமோ தெற்கு ஈராக்கின் பாஸ்ராவுக்கு மாறிக்கொண்டது. அதிலும் இதே கணக்குதான்.

சரி, வழி விட்டால் போதுமா? பஸ்ஸில் பாஸ்ரா, பாக்தாத், அங்கிருந்து ஜோர்டானின் அம்மான். அங்கே ஏர் இந்தியா விமானங்கள் வந்து பம்பாய்க்கு ஏற்றிச் சென்றன, இரண்டே மாதத்தில் 488 தடவை. அண்ணன் பாலைவனக் கூடாரத்தில் ஒன்பது நாள் கிடந்தார். ஒரு குடம் தண்ணீருக்கு அரை நாள் வரிசை. பாலக்காட்டில் ரயில் இறங்கியபோது கழுத்தில் தையல் டேப், கையில் ஒரு போர்வை, அவ்வளவுதான். அம்மாவால் பேச முடியவில்லை. டேப்பையே பிடித்துக்கொண்டு நின்றார்.

பாக்தாத் போனது சரி, நூறு தடவை சரி. தழுவல் தேவைப்பட்டிருக்காது. படையெடுப்பை வெளிப்படையாகக் கண்டிக்க நம் அரசு தயங்கியதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. தன் ஆட்களை மீட்கும் வரை வாயை அடக்குவது வேறு, அடுத்தவன் வீடு பறிபோனதைத் தவறு என்றே சொல்லாமல் இருப்பது வேறு. பறிபோனது அண்ணனுக்குப் பதினொரு வருஷம் சோறு போட்ட நாடு.

1991-ல் போர் முடிந்து குவைத் விடுபட்டதும் அண்ணன் அதே கடைக்குத் திரும்பினார். குவைத்து முதலாளி கேட்ட முதல் கேள்வியும் நீங்கள் கேட்டதுதான். அண்ணனுக்குப் பதில் வரவில்லையாம். முதலாளியே எழுந்து போய், உடைந்து கிடந்த மெஷினைக் காட்டி, "இதைச் சரி பண்ண முடியுமா பார்" என்றாராம்.