அலெக் கின்னஸ்: முதலில் நடை, அப்புறம் முகம்

ஆங்கிலேய நடிகர் அலெக் கின்னஸைப் பற்றி (1914–2000) பலர் கேட்டிருந்த கேள்விகளுக்கு இங்கே மொத்தமாகப் பதில் எழுதுகிறேன். இவர் படங்களைப் பல வருஷமாகத் திரும்பத் திரும்பப் பார்த்து வருபவன் நான். இவர் எழுதிய நினைவுக் குறிப்புகளும் எனக்கு நெருக்கமானவை. அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

கேள்வி: அண்ணா, ஸ்டார் வார்ஸில் வரும் ஓபி-வான் கெனோபியாக மட்டும்தான் எனக்கு இவரைத் தெரியும். அந்தப் படமே இவருக்குப் பிடிக்காது என்கிறான் நண்பன். பிடிக்காத படத்தில் ஏன் நடித்தார்?

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை. படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே, வசனங்கள் குப்பையாக இருக்கின்றன என்று தோழி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். பிற்காலத்தில் ரசிகர்களின் கூட்டமும் அவரைச் சலிப்படைய வைத்தது. ஆனால் திரைக்கதையை முதலில் படித்தபோது, அடுத்து என்ன நடக்கும் என்று பக்கத்தைப் புரட்ட வைத்தது என்றும் அவரே சொல்லியிருக்கிறார். லாபத்தில் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸுக்கு வரும் பங்கில் இவருக்கு இரண்டேகால் சதவீதம் என்று முடிவானது. கடைசிக் காலம் வரை கவலையில்லாமல் இருக்க அந்தப் பணம் உதவியது.

வேலையில் அவர் குறை வைக்கவில்லை. பாலைவனக் குடிசையில் கதாநாயகப் பையன் லூக், கிழவர் ஓபி-வானிடம் "என் அப்பா எப்படி இறந்தார்?" என்று கேட்கும் இடத்தை இன்னொரு தடவை பாருங்கள். பதில் உடனே வராது. பார்வை விலகும், ஒரு சின்ன இடைவெளி விழும், அதற்கப்புறம்தான் பேச்சு. அந்த இடைவெளியில்தான் கிழவருக்கு ஒரு கடந்த காலமே உருவாகிறது. துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை சும்மா வந்துவிடவில்லை.

கேள்வி: கின்னஸ் பீர் கம்பெனிக் குடும்பத்துப் பிள்ளையா இவர்?

அந்த மதுபானக் குடும்பத்தோடு உறவு என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. 1914 ஏப்ரல் 2 அன்று லண்டன் மைடா வேலில் பிறந்தார். தாய் ஆக்னஸ் கஃப். பிறப்புச் சான்றிதழில் இவர் பெயர் 'அலெக் கின்னஸ் டி கஃப்'. அப்பாவின் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக விடப்பட்டிருந்தது. பள்ளிக்கூடக் கட்டணத்தைக் கட்டியவர் ஆண்ட்ரூ கெடஸ் என்ற ஸ்காட்லாந்து வங்கிக்காரர். அவ்வப்போது மாமா என்று சொல்லிக்கொண்டு வந்து பார்ப்பார். அவர்தான் தன் அப்பாவாக இருக்க வேண்டும் என்று கின்னஸ் நம்பினார். நடுவில் மூன்று வருஷம், தாயைக் கட்டிக்கொண்ட ஒரு ராணுவக் கேப்டனின் முரட்டுத்தனத்துக்கு நடுவே வளர்ந்தார். வாடகை அறை மாற்றி வாடகை அறை என்று ஓடிய பிள்ளைப் பருவம் அது. பதினான்கு வயதுக்குள் மூன்று பெயர்களில் வாழ்ந்து பார்த்துவிட்டார்.

இதை வைத்து "அதனால்தான் வேறு வேறு ஆளாக மாறினார்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது அவசர முடிவாகப் படுகிறது. அப்படி வளர்ந்த எத்தனையோ பிள்ளைகள் நடிகர்களாகவில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: அந்நிய வீடுகளில் ஓரமாக உட்கார்ந்து பெரியவர்களைக் கவனிக்கும் பழக்கம் அப்போதே வந்திருக்கும்.

கேள்வி: ஐயா, வசதி இல்லாத பையன் மேடைக்கு எப்படி வந்தார்?

விளம்பர நிறுவனம் ஒன்றில் வாசகம் எழுதும் வேலையில்தான் ஆரம்பித்தார். அறிமுகமே இல்லாத ஜான் கீல்குட்டிடம் போய் யோசனை கேட்டார். கீல்குட் அன்றைக்கு லண்டன் மேடையின் பெரிய நட்சத்திரம். அவர் மார்ட்டிடா ஹன்ட் என்ற நடிகையிடம் பாடம் கற்கச் சொன்னார். அந்த அம்மாவோ, ஆரம்பத்தில் இந்தப் பையனுக்கு நடிப்பு வராது என்று கைவிடப் பார்த்தார். பிறகு ஃபே காம்ப்டனின் நடிப்புப் பள்ளியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது.

பட்டினியும் இருந்தது. ஒருமுறை இவர் மெலிந்து நிற்பதைப் பார்த்த கீல்குட், மேஜையில் இருந்த இருபது பவுண்டு நோட்டுகளைக் காட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னார். சட்டைப் பையில் சில்லறை மட்டும் வைத்திருந்த பையன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். கொஞ்ச நாளில் வேறு விதமாக உதவி வந்தது: 1934இல் கீல்குட்டின் 'ஹாம்லெட்' தயாரிப்பில் ஆஸ்ரிக் வேடம். அடுத்த நான்கே வருஷத்தில், டைரோன் கத்ரி இயக்கி நவீன உடையில் நடந்த 'ஹாம்லெட்'டில், ஓல்ட் விக் மேடையில் இவரே ஹாம்லெட்டாக நின்றார்.

கேள்வி: போரில் உண்மையாகவே கலந்துகொண்டாரா, அல்லது நாடகக் குழுவோடு சுற்றினாரா?

உண்மையாகவே போனார். கடற்படையில் சாதாரண மாலுமியாகச் சேர்ந்து அதிகாரியானார். 1943இல் சிசிலி மீது நேச நாடுகள் படையெடுத்தபோது, சிப்பாய்களைக் கரையில் இறக்கும் கலம் ஒன்று இவர் பொறுப்பில் இருந்தது. நடுவில் விடுப்பு கிடைத்து நியூயார்க் போய் பிராட்வே நாடகம் ஒன்றிலும் நடித்துவிட்டு வந்தார்.

கேள்வி: ஒரே படத்தில் எட்டு வேடமாமே? ஒரே சட்டகத்தில் ஆறு பேராக உட்கார்ந்தது எப்படி? அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் ஏது?

'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரோனெட்ஸ்', 1949, ஈலிங் ஸ்டூடியோ தயாரிப்பு. ஒரு பிரபுக் குடும்பத்தில் தனக்கும் பட்டத்துக்கும் நடுவே நிற்கிறவர்களை ஒருவர் பின் ஒருவராகத் தீர்த்துக்கட்டுகிறவனின் கதை. சாகிறவர்கள் எல்லாம் கின்னஸ்தான்: பாதிரியார், தளபதி, பெண்ணுரிமை கேட்டுப் போராடும் ஒரு சீமாட்டி உட்பட. முதலில் நான்கு வேடங்கள்தான் பேச்சு. எட்டையும் நானே செய்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

தேவாலயக் காட்சியில் ஆறு பேர் ஒன்றாக உட்கார்ந்திருப்பது கேமராவுக்குள்ளேயே செய்த வேலை. லென்ஸின் மற்றப் பகுதியெல்லாம் மறைத்து ஒரு ஆளை மட்டும் எடுப்பார்கள். அப்புறம் பிலிமைப் பின்னால் சுற்றி, அடுத்த பகுதியைத் திறந்து, வேறு ஒப்பனையில் வரும் கின்னஸை அடுத்த இருக்கையில் உட்கார வைத்து எடுப்பார்கள். நாள் கணக்கில் போன வேலை. கேமரா ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எல்லாம் பாழ். ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகம்ப் இரவில் வீட்டுக்குப் போகாமல் கேமரா பக்கத்திலேயே படுத்துத் தூங்கினார். படத்தை ஓரிடத்தில் நிறுத்தி அந்த ஆறு முகங்களையும் பாருங்கள். ஒட்டுத்தாடியையும் விக்கையும் கழற்றிவிட்டாலும் கழுத்து நிற்கிற விதத்திலேயே ஆறு பேரும் தனித்தனி ஆட்கள்.

கேள்வி: ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். கித்துல்கலையைத் தாண்டும்போதெல்லாம் 'இங்கேதான் அந்தப் பாலம்' என்று அப்பா காட்டுவார். அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லுங்கள் அண்ணா.

அப்பா சரியாகத்தான் காட்டியிருக்கிறார். 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' (1957) படத்துக்காக இலங்கையின் களனி ஆற்றின் மேல் கித்துல்கலையில் மரப்பாலம் கட்டினார்கள். படத்துக்காகவே அதை ரயிலோடு தகர்த்தார்கள். அடித்தளத்தின் மிச்சம் இன்னும் அங்கே கிடக்கிறது.

ஜப்பானியரிடம் போர்க் கைதியாக இருந்துகொண்டே அவர்களுக்கு ஆசையாகப் பாலம் கட்டிக் கொடுக்கும் பிரிட்டிஷ் அதிகாரி கர்னல் நிக்கல்சன். அந்த வேடத்தை கின்னஸ் முதலில் மறுத்தார். ஒப்புக்கொண்ட பிறகும் இயக்குநர் டேவிட் லீனோடு ஓயாத சண்டை. அந்தக் கர்னல் நேரில் பழகினால் சலிப்பூட்டுகிற ஆள் என்றார் லீன். ஒரு சலிப்பான ஆளை நடிக்கவா என்னை இவ்வளவு தூரம் கூப்பிட்டீர்கள் என்பது இவர் கோபம். கொஞ்சம் நகைச்சுவையும் இளக்கமும் சேர்க்கப் பார்த்தார், லீன் விடவில்லை. என் அபிப்பிராயத்தில் லீன் சொன்னதுதான் சரி. அந்த இறுக்கம் இல்லாவிட்டால் கடைசிக் காட்சியில் அவர் முகம் உடையும்போது நமக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

முக்கியமான விஷயம் அந்த நடை. தகரப் பெட்டிக்குள் வெயிலில் அடைத்து வைத்திருந்த கர்னலை வெளியே விடுகிறார்கள். காலில் பலமில்லை, முட்டி சொல்பேச்சுக் கேட்கவில்லை. ஆனால் முதுகு மட்டும் அதிகாரியின் முதுகாக நிமிர்ந்தே இருக்க வேண்டும் என்று மனம் அடம்பிடிக்கிறது. அந்த நடை அவர் வீட்டிலிருந்து வந்தது. மகன் மாத்யூவுக்குப் பதினொரு வயதில் போலியோ வந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. பிழைத்து எழுந்து பையன் மறுபடி நடக்கப் பழகிய நாட்களில் எப்படிக் கால் எடுத்து வைத்தான் என்பதை அப்பா பார்த்திருந்தார். தான் செய்ததிலேயே சிறந்தவற்றில் ஒன்றாக இந்தச் சில விநாடிகளை அவர் கருதினார். இந்த விவரம் தெரிந்த பிறகு என்னால் அந்தக் காட்சியைப் பழைய மாதிரி பார்க்க முடிவதில்லை.

சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் இந்தப் படத்துக்குத்தான். படத்துக்கு மொத்தம் ஏழு ஆஸ்கர். 1959இல் சர் பட்டமும் வந்தது.

கேள்வி: கிள்ளானிலிருந்து. எங்கள் தாத்தாவின் அண்ணனை சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. அந்தப் படத்தில் நம் ஆட்கள் ஒருவரும் இல்லையே?

இல்லை ஐயா. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாமிலிருந்து (தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட அந்தப் பாதை கிட்டத்தட்ட 415 கிலோமீட்டர், 1942–43இல் போடப்பட்டது. நேச நாட்டுப் போர்க் கைதிகள் 12,000 பேருக்கு மேல் அதில் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களின் சாவு அதைப் போலப் பல மடங்கு. மலாயா தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அதில் பெருந்தொகை. பலருக்குக் கல்லறை கூட இல்லை. படம் பியர் பூல் எழுதிய நாவலிலிருந்து எடுத்தது. நிக்கல்சன் கற்பனைப் பாத்திரம். பாலம் கட்டிய முகாமில் இருந்த மூத்த பிரிட்டிஷ் அதிகாரி பிலிப் டூஸி, ஜப்பானியருக்கு ஆசையாகப் பாலம் கட்டிக் கொடுத்தவர் அல்ல. தன் ஆட்களைக் காப்பாற்றப் போராடியவர். கின்னஸின் நடிப்பை நான் கொண்டாடுகிறேன். உங்கள் தாத்தாவின் அண்ணனின் வரலாறு அந்தப் படத்தில் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கேள்வி: இவர் மதம் மாறியதற்குப் படப்பிடிப்பு காரணம் என்கிறார்களே?

ஒரு காரணம். 1954இல் வெளிவந்த 'ஃபாதர் பிரவுன்' படத்துக்காக பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் இருந்தார். ஒரு மாலை பாதிரியார் அங்கியோடே நடந்து போனபோது, முன்பின் தெரியாத ஒரு சிறுவன் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "மோன் பேர்" (பிரெஞ்சில் 'என் ஃபாதர்') என்று கூப்பிட்டுப் பேசிக்கொண்டே வந்து, பிறகு தன் வழியே போய்விட்டான். வெறும் அங்கிக்கே ஒரு குழந்தை இவ்வளவு நம்பிக்கை வைக்கிறதா என்று அசந்து போனார். மகனின் நோய்க்காலத்தில் தேவாலயத்துக்குப் போய் உட்கார்ந்த பழக்கமும் சேர்ந்துகொண்டது. 1956இல் கத்தோலிக்கரானார். அவர் இலங்கையில் படப்பிடிப்பில் இருந்த சமயத்தில், 1957இல், மனைவி மெருலாவும் அவரிடம் சொல்லாமலே சேர்ந்துவிட்டார்.

கேள்வி: தோல்வியே கிடையாதா இவருக்கு?

உண்டு. 1951இல் தானே இயக்கித் தானே நடித்த 'ஹாம்லெட்' படுதோல்வி. முதல் நாளே விளக்குகள் தாறுமாறாகப் போயின, விமர்சகர்கள் கிழித்தார்கள். ஆனால் இரண்டு வருஷம் கழித்து கனடாவின் ஸ்ட்ராட்ஃபோர்டில், ஒரு பெரிய கூடாரத்துக்குள் தொடங்கிய ஷேக்ஸ்பியர் விழாவில், மூன்றாம் ரிச்சர்டாக முதல் வசனத்தைப் பேசியவர் இவரே. 1964இல் கவிஞர் டிலன் தாமஸாக பிராட்வேயில் நடித்து டோனி விருதும் வாங்கினார்.

வேறு வகைப் பிழைகளும் இருந்தன. 'ஆலிவர் ட்விஸ்ட்' (1948) படத்தில் ஃபேகின் என்ற யூதத் திருடனாக நடிக்க இவருக்குப் போட்ட அந்தப் பெரிய மூக்கு யூதர்களைப் புண்படுத்தியது. அமெரிக்காவில் படம் 1951 வரை வெளிவர முடியவில்லை. 'எ பாசேஜ் டு இந்தியா'வில் (1984) முகத்துக்குப் பழுப்பு பூசிக்கொண்டு பேராசிரியர் காட்போலேயாக வந்தார். நம்முடைய நீலகிரி மலை ரயில் வரும் படம் அது. ரயில் அழகு, பேராசிரியர் பொருந்தவில்லை. கவனித்துப் பார்த்தே ஆட்களை உருவாக்கியவர், இங்கே ஒரு பிராமணரின் உடம்பை உள்ளிருந்து அறியாமல் வெளியே மட்டும் பிடித்திருக்கிறார். அதை நடிக்க இந்திய நடிகர்கள் இருந்தார்கள்.

கேள்வி: ஜேம்ஸ் டீன் சாவதை முன்கூட்டியே சொன்னாராமே?

அவரே சொன்ன சம்பவம். 1955 செப்டம்பரில் ஹாலிவுட்டில் ஓர் உணவகத்துக்கு வெளியே டீன் தன் புதுக் காரைப் பெருமையாகக் காட்டினார். இதில் ஏறினால் அடுத்த வாரம் இந்நேரம் உயிரோடு இருக்க மாட்டீர்கள் என்று ஏதோ தன் வாயில் வந்துவிட்டதாக கின்னஸ் சொன்னார். ஒரு வாரத்தில் அந்தக் காரில்தான் டீன் இறந்தார். இதற்கு மேல் ஊதிப் பெருக்க நான் விரும்பவில்லை.

கேள்வி: ஒன்றே ஒன்று பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்க்க?

1979இல் பிபிசி எடுத்த 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' தொடர். ஓய்வு பெற்ற உளவாளி ஜார்ஜ் ஸ்மைலியாக வருகிறார். நாவலாசிரியர் ஜான் லெ காரேயிடம், நிஜ உளவுக்காரர் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். உளவுத்துறையின் முன்னாள் தலைவர் மாரிஸ் ஓல்ட்ஃபீல்டோடு மதிய உணவுக்கு ஏற்பாடானது. ஓல்ட்ஃபீல்ட் பேசிக்கொண்டிருக்க, இவர் கவனம் அவருடைய சட்டைக் கைப் பொத்தான்களிலும், கண்ணாடிக் கோப்பையின் விளிம்பில் ஓடிய விரலிலும் இருந்தது. விடைபெற்று அவர் தெருவில் நடந்து போவதைக் கண் மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

தொடரில் டெல்லிச் சிறைக் காட்சியைத் தவறவிடாதீர்கள். எதிரே சோவியத் உளவாளி கார்லா. பாட்ரிக் ஸ்டூவர்ட் நடித்தது, ஒரு வார்த்தை வசனம் கிடையாது. ஸ்மைலிதான் பேசுகிறார், பேசிப் பேசித் தன் மனசையே கொட்டிவிடுகிறார். எதிரில் இருப்பவன் அசையாமல் கேட்டுக்கொள்கிறான். ஸ்மைலிக்கு மனைவி பரிசாகத் தந்த சிகரெட் லைட்டர் கடைசியில் அவன் கையோடு போய்விடுகிறது.