வாசகர் கேள்விகள்: தணிந்து திரும்பும் காய்ச்சல்

கேள்வி: கணவருக்கு வந்த இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் நான்கு நாட்களில் தணிந்துவிட்டது, இப்போது எனக்கு வந்திருக்கிறது. எழுபது வயதைக் கடந்த, சர்க்கரை நோயுள்ள மாமியாரும் எங்களுடன் இருக்கிறார். எதைக் கண்டு நான் அஞ்ச வேண்டும்? வீட்டில் மீந்திருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரைகளை அவருக்குக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவை அழிப்பவை; இக்காய்ச்சலை உண்டாக்கும் வைரஸை அவை ஒன்றும் செய்யா.

தெர்மாமீட்டர் காட்டும் அளவைவிட நாட்கணக்கைக் கவனமாகக் குறித்து வைக்குமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். வைரஸ் உடலுக்குள் புகுந்த 1 முதல் 4 நாட்களுக்குள் அறிகுறிகள் தோன்றும். அவை தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே நோய் பிறருக்குத் தொற்றத் தொடங்கி, பின்னர் 5 முதல் 7 நாட்கள் வரை தொற்றக்கூடும். ஆகவே உங்கள் மாமியாருக்கு ஏற்கெனவே தொற்றியிருக்கவும் வாய்ப்புண்டு. அதற்காகக் கைவிட்டுவிடாமல், தனி அறையில் படுத்துக்கொள்ளுங்கள், சன்னல்களைத் திறந்து வையுங்கள், அவர் அருகே செல்ல நேர்ந்தால் முகக்கவசம் அணியுங்கள்.

அவருக்குக் காய்ச்சலோ இருமலோ தொடங்கினால், இரண்டு நாள் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஓசல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து, அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கப்பட்டால்தான் மிகுந்த பயன் தரும். முதியவர்களுக்குச் சில வேளைகளில் உடல் சூடு அதிகம் ஏறுவதே இல்லை. வழக்கத்துக்கு மாறான மயக்கம், உணவில் நாட்டமின்மை, பேச்சில் தடுமாற்றம் ஆகியவையே முதல் அறிகுறிகளாக அமைந்துவிடுவதால், அவற்றை வயதின் தளர்ச்சி என்று எண்ணி விட்டுவிடாதீர்கள்.

உங்கள் கணவரையும் மறந்துவிட வேண்டாம். காய்ச்சல் விட்டு, உடல் தேறி வரும் வேளையில், மீண்டும் காய்ச்சலும் முன்னைவிடக் கடுமையான இருமலும் வந்தால், வைரஸால் புண்பட்ட நுரையீரலில் பாக்டீரியா புகுந்து நிமோனியாவை உண்டாக்கியிருக்கக் கூடும். ‘காய்ச்சல்தான் விட்டுவிட்டதே’ என்ற நிம்மதியில் இதைப் பலரும் தாமதமாகவே கவனிக்கிறார்கள் என்பதுதான் எனக்குள்ள பெருங்கவலை. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, உதடு நீலம் பாய்தல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மற்றபடி, வறட்டு இருமலும் அசதியும் மட்டும் இரண்டு வாரங்கள் நீடிப்பது இயல்பே.

நீங்கள் பாரசிட்டமால் எடுத்துக்கொள்ளும்போது, சளிக்கென வாங்கும் கூட்டு மாத்திரைகளிலும் அதுவே கலந்திருக்கிறதா என்று அட்டையைப் படித்துப் பாருங்கள். அளவு மீறினால் கல்லீரல் பாதிக்கப்படும்.

கேள்வி: சென்ற ஆண்டு தடுப்பூசி போட்டுக்கொண்டேன். இந்த ஆண்டும் தேவையா? ஊசியாலேயே காய்ச்சல் வரும் என்கிறார்களே?

பதில்: தேவை. இவ்வைரஸின் மேற்பரப்புப் புரதங்கள் தொடர்ந்து மாறிக்கொண்டிருப்பதால், உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும், தடுப்பூசியில் இடம்பெற வேண்டிய வகைகளைப் பரிந்துரைக்கிறது. ஊசியாகப் போடப்படும் மருந்தில் உயிருள்ள வைரஸ் இல்லை. ஓரிரு நாள் கைவலியும் இளஞ்சூடும் இருக்கலாமே தவிர, அதனால் இன்ஃப்ளூயன்சா வராது. எதிர்ப்புத்திறன் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும் என்பதால், நோய் பரவத் தொடங்குவதற்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. ஆறு மாதம் நிறையாத குழந்தைகளுக்கு இதைப் போட இயலாது. அத்தகைய குழந்தை வீட்டில் இருந்தால், அதைத் தூக்கிக் கொஞ்சும் அனைவரும் போட்டுக்கொள்ளுங்கள்.