மந்தம் முடிந்ததாம், வேலை எங்கே? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பொருளாதார மந்தத்தில் அடிபட்ட ஒரு பகுதி எப்படி எழுகிறது, ஏன் சில இடங்கள் எழுவதே இல்லை என்று கேட்டிருந்தவர்களில், திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: மந்தம் முடிந்துவிட்டது என்று அறிவித்தாயிற்று. எங்கள் பக்கம் ஒருவருக்கும் வேலை வந்தபாடில்லை. அறிவிப்பு பொய்யா?

பொய் இல்லை. ஆனால் மந்தம் முடிந்தது என்றால் சரிவு நின்றது என்று மட்டும்தான் அர்த்தம். கிணற்றில் விழுந்தவர் முதல் படியில் கால் வைத்துவிட்டார், கரையேற இன்னும் எத்தனையோ படி இருக்கிறது. அமெரிக்காவில் 2007 டிசம்பரில் தொடங்கிய மந்தம் 2009 ஜூனில் முடிந்ததாகக் கணக்கு. வேலையின்மை உச்சத்துக்குப் போனதோ அதற்கும் அப்புறம், அந்த அக்டோபரில், 10 சதவீதம். பறிபோன வேலைகளின் எண்ணிக்கை பழையபடி நிரம்ப 2014 ஆகிவிட்டது. ஆர்டர் திரும்பி வந்ததுமே முதலாளி புது ஆள் எடுப்பதில்லை. இருக்கிறவர்களுக்கு வெட்டிய நேரத்தைத் திருப்பிக் கொடுப்பார், அப்புறம் ஓவர்டைம், அப்புறம் தற்காலிக ஆட்கள், இதெல்லாம் தாண்டி வந்த ஆர்டர் நிலைக்கும் என்று நம்பிக்கை பிறந்தால்தான் நிரந்தர வேலை.

கேள்வி: உற்பத்தி 20 சதவீதம் விழுந்தது, பிறகு 20 சதவீதம் வளர்ந்தது. கணக்கு நேராகிவிட்டதுதானே?

இல்லை. 100 என்பது 80 ஆனது. 80ல் 20 சதவீதம் 16. ஆக 96தான். பழைய இடத்துக்கு வர 25 சதவீதம் வளர வேண்டும். "சாதனை வளர்ச்சி" என்ற தலைப்பைப் பார்த்தால், எவ்வளவு பள்ளத்திலிருந்து என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: ஒரே நாடு, ஒரே மந்தம். ஏன் ஒரு பகுதி சீக்கிரம் எழுந்துவிடுகிறது, இன்னொன்று படுத்தே கிடக்கிறது?

அந்தப் பகுதி எதை நம்பிப் பிழைக்கிறது என்பதைப் பொறுத்தது. கையில் காசு இறுகினால் மக்கள் முதலில் தள்ளிப்போடுவது கார், வீடு, பயணம். அதனால்தான் கார் தொழிலை நம்பிய மிச்சிகனில் 2009ல் வேலையின்மை 14 சதவீதத்தை ஒட்டிப் போனது. கட்டுமானத்தையும் சுற்றுலாவையும் நம்பிய நெவாடாவும் அடுத்த ஆண்டு கிட்டத்தட்ட அங்கேதான் நின்றது. அதே சமயம் எண்ணெய் கிடைத்த வடக்கு டகோட்டா 5 சதவீதத்தைத் தொடவே இல்லை. ஸ்பெயினிலும் இதே கதை: 2013ல் ஆண்டலூசியாவில் வேலையில் இருந்தவர்களையும் வேலை தேடியவர்களையும் சேர்த்து எண்ணினால் மூன்றில் ஒருவருக்கு மேல் வேலை இல்லை, தொழிற்சாலைகள் நிறைந்த பாஸ்க் பகுதியில் அதில் பாதி அளவுதான்.

கேள்வி: எங்கள் பகுதியில் வேலையின்மை விகிதம் நன்றாகக் குறைந்திருக்கிறது. நம்பலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வேலை தேடுபவரை மட்டும்தான் அந்த விகிதம் வேலையில்லாதவர் என்று எண்ணும். ஒரு ஊரில் 100 பேர், 90 பேருக்கு வேலை இருக்கிறது, 10 பேர் தேடுகிறார்கள். விகிதம் 10 சதவீதம். தேடுபவர்களில் 4 பேர் அலுத்துப்போய்த் தேடுவதையே விட்டுவிட்டார்கள், 3 பேர் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். தேடுவதை விட்டவர்களும் கணக்கில் வருவதில்லை. இப்போது கணக்கில் 93 பேர், தேடுவது 3 பேர், விகிதம் 3 சதவீதத்துக்குச் சற்று மேல். ஒரு புது வேலைகூட வரவில்லை! அன்றும் 90 பேர்தான் வேலையில், இன்றும் 90 பேர்தான். இது வெறும் காகிதக் கணக்கும் இல்லை. பிளான்ஷார்ட், காட்ஸ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1992ல் அமெரிக்க மாநிலங்களை ஆராய்ந்தபோது, அடிபட்ட மாநிலத்தில் வேலையின்மை சில ஆண்டுகளில் தணிவது வேலை திரும்பி வருவதால் அல்ல, பெரும்பாலும் ஆட்கள் வெளியேறுவதால் என்று கண்டார்கள். மூட்டை கட்டிப் போனவர் அந்தப் பகுதியின் "மீட்சி"யில் ஒரு பங்காகிவிடுகிறார் என்பதை என்னால் இன்றுவரை நிம்மதியாகப் படிக்க முடிவதில்லை. ஆகவே விகிதத்தை விடுங்கள், எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை மந்தத்துக்கு முந்தைய எண்ணிக்கையோடு வைத்துப் பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் ஜிடிபியை, அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பைப் பார்த்தால் போதுமா?

போதாது. 2015ல் அயர்லாந்தின் ஜிடிபி ஒரே ஆண்டில் ஏறக்குறைய கால் பங்கு எகிறியது. பன்னாட்டு நிறுவனங்கள் காப்புரிமை போன்ற சொத்துக்களை அந்த நாட்டுக் கணக்குக்கு மாற்றிக்கொண்டதுதான் முக்கியக் காரணம். அந்நாட்டுப் புள்ளிவிவரத் துறையே பிறகு திருத்திய தேசிய வருமானம் என்று வேறொரு அளவுகோலைக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

கேள்வி: வருவாய் இல்லாதபோது பிராந்திய அரசு செலவைக் குறைக்காமல் என்ன செய்யும்?

அமெரிக்க மாநிலங்களில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பட்ஜெட்டில் பற்றாக்குறை வைக்கத் தடை உண்டு. வரி வசூல் விழும் அதே வேளையில்தான் உதவி கேட்டு வருபவர்கள் கூடுகிறார்கள், ஆசிரியர்களை வீட்டுக்கு அனுப்பி அந்தக் கணக்கைச் சரிக்கட்டினால் மந்தம் இன்னும் ஆழமாகிறது. இந்த நிலையில் மத்தியில் இருக்கும் அரசு கை கொடுத்தே ஆக வேண்டும். 2009ல் ஜெர்மனியின் உற்பத்தி 5 சதவீதத்துக்கு மேல் சரிந்தும் வேலையின்மை பெரிதாக ஏறவில்லை. நிறுவனங்கள் ஆளை நீக்காமல் வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ள, தொழிலாளர்கள் இழந்த சம்பளத்தில் ஒரு பங்கை அரசு கொடுத்தது. ஆளை அனுப்பிவிட்டுப் பிறகு தேடுவதைவிட இது மேல் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: எனக்கு வயது 47. இருபது ஆண்டு வேலை பார்த்த ஆலை நிறுத்திவிட்டார்கள். திறப்பார்கள் என்று காத்திருக்கவா?

முதலில் போய் ஆலையைப் பாருங்கள். இயந்திரங்கள் எண்ணெய் பூசி மூடி வைக்கப்பட்டிருக்கிறதா, மின் இணைப்பு இருக்கிறதா, பராமரிப்புக்கு நாலு பேரையாவது வைத்திருக்கிறார்களா? அப்படியென்றால் சில மாதம் பொறுப்பதில் தவறில்லை. போல்ட்டைக் கழற்றி இயந்திரத்தை லாரியில் ஏற்றுகிறார்கள் என்றால், யார் என்ன வாக்குக் கொடுத்தாலும் காத்திருக்க வேண்டாம். பென்சில்வேனியாவில் நீண்ட காலம் ஒரே இடத்தில் வேலை பார்த்து நீக்கப்பட்டவர்களைப் பற்றி 1993ல் ஓர் ஆய்வு வந்தது. ஐந்தாறு ஆண்டு கழித்தும் அவர்கள் வருமானம் சுமார் கால் பங்கு குறைவாகவே இருந்தது. அதனால் புது வேலையில் சம்பளம் குறைந்தால் அது உங்கள் திறமைக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊர் மாறுவதற்கு முன், உங்கள் ஆலைக்குப் பொருள் கொடுத்த, உங்கள் ஆலையிடம் பொருள் வாங்கிய நிறுவனங்களின் கதவைத் தட்டுங்கள். உங்கள் கைவேலையின் மதிப்பு தெரிந்தவர்கள் அங்கேதான் இருப்பார்கள்.